என் மைக்கை அணைத்து வைத்த மனிதர்

எங்கள் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயதானவர்களுக்கு அவர் ‘மைக்செட்டு’. எங்களுக்கு ‘மைக்செட்டண்ணன்’. கோயில் திருவிழா நோட்டீசில்கூட ‘ஒலி ஒளி: நம்ம ஊர் மைக்செட்டு’ என்றுதான் போடுவார்கள். குளச்சலுக்கு மேற்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. கல்யாணமோ மரணமோ பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ, எதுவானாலும் அவர் கட்டுகிற குழாயில்தான் சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குக் கோயிலுக்குள் இருக்கும் மைக்குகளும் அவர் பொறுப்புதான்.

கறுத்து மெலிந்த ஆள். நான் சொல்லும் காலத்தில் ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், தோளில் ஒரு மஞ்சள் துணி. அந்தத் துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிற மனிதர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். அவ்வளவு பைய பேசுவார்.

நல்ல மனிதர்தான். ஆனால் ஒரே ஒரு வியாதி உண்டு. தன் செட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். “எனக்க செட்டுல கொற கெடையாது. கொற உண்டும்னா அது வாயில இருக்கும், இல்லேன்னா காதுல இருக்கும்” என்பார். இதைக் கல்யாண வீட்டுக்காரரிடமும் சொல்வார், போலீஸ்காரரிடமும் சொல்வார். ஒருமுறை புதிதாக வந்த சாமியார், “பிரசங்கம் பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலியாமே?” என்று கேட்டுவிட்டார். மைக்செட்டண்ணன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கேக்குது ஃபாதர். அவிய ஒறங்குகாவ” என்றார். சாமியார் அதற்கப்புறம் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்தப் புண்ணியமும் இவருக்குத்தான் சேரும்.

மைக்கைச் சோதித்துப் பார்க்க மற்றவர்கள் ‘ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்பார்கள். இவர் மீன் பெயர் சொல்வார். “சாள... நெத்திலி... வாள...” அதிகாலையில் குழாயில் இந்த மூன்று பெயரும் கேட்டால் இன்றைக்கு ஊரில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் மீன் விற்கிறார்கள் என்று பாத்திரத்தோடு ஓடிவந்ததும் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால், “சாளயில பல்லுச் சீறல் தெரியும், நெத்திலியில மூக்கு தெரியும், வாளயில தொண்ட தெரியும். ஹலோவுல என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது” என்பார்.

தேர்தல் நேரத்தில் ஓட்டு கேட்க வந்த ஒருவர் மேடையில் தொண்டை கட்டிப்போய், “மைக் சரியில்லை, யாருய்யா மைக்செட்?” என்று கத்திவிட்டார். இவர் நிதானமாக மேடை ஏறினார். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். “சாள, நெத்திலி, வாள” என்றார். மூன்று தெருவுக்குக் கணீரென்று கேட்டது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பெட்டியில ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் வெந்நி குடிச்சிட்டுப் பேசுங்க” என்று சொல்லி இறங்கி வந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அந்தக் கட்சிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அம்மா மீன் விற்றுத்தான் எங்களை வளர்த்தாள். ஏலக்களத்தில் அவளோடு நின்று வளர்ந்த பிள்ளைக்கு வாய் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி, கணவர் சவுதிக்குப் போய், நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சின்ன மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. கோயில் பாடகர் குழுவில் ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே பாட ஆசை. ஆனால் பாட்டுப் பயிற்சி நேரத்தில் எனக்கு இடுப்பில் தம்பி, தலையில் தண்ணீர்க்குடம். பாட்டு எங்கே வரும்? அதனால் அந்த வயதில் குழுவில் சேர்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி, ஞாயிறு காலை திருப்பலி. வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் நான் யாருடைய அம்மாவும் இல்லை, யாருடைய பிளவுஸும் என் மடியில் இல்லை. அதை யாராவது பிடுங்கினால் அவர்கள் கண்ணைத் தோண்டிவிடும் நிலையில் இருந்தேன்.

சேர்ந்த மூன்றாம் வாரமே ஒரு சண்டை போட்டேன். பன்னிரண்டு பேருக்கு ஏழு மைக். இரண்டு பேருக்கு ஒன்று என்று பங்கு வரும். என் பங்காளி என்னைவிடக் குள்ளம். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினால் நான் கூன வேண்டும். “நான் என்ன எறால் மாதிரி வளஞ்சு நின்னா பாடுகது?” என்று போட்ட சத்தத்தில் எனக்குத் தனி மைக் கிடைத்தது. ஏழாம் நம்பர் மைக், கடைசி. என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். கூட்டத்தோடு நின்றிருந்தால் எந்தச் சத்தம் யாருடையது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நானே சண்டை போட்டு என்னைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

என் பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் குழுவில் முதல் குரல், நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண். ஊசிக் குரல், உயரத்தில் அப்படியே நிற்கும். நானும் அவளைப் போலவே கழுத்தை நீட்டி, புருவத்தைத் தூக்கிப் பாடுவேன். வீட்டுக்கு வந்ததும் தொண்டை எரியும். நன்றாகப் பாடினால் எரியத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த மறு வருஷத் திருவிழாவுக்கு நம்ம ஊர் மைக்செட்டு கட்டவில்லை. நாகர்கோவிலிலிருந்து பெரிய செட்டு வந்தது. ஆள் உயரத்துக்குப் பாக்ஸ், நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்கு. பெண்களுக்கெல்லாம் சேர்த்து நடுவில் இரண்டே மைக் வைத்தார்கள். ஏன் செட்டு மாறியது என்று நான் விசாரிக்கவில்லை. கமிட்டிக்காரர்களுக்குப் பகட்டு வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து நாளும் மைக்செட்டண்ணன் கோயில் மைதானத்து ஓரத்தில், வந்த விருந்தாளி மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் அந்த மஞ்சள் துணி மட்டும் இருந்தது, துடைக்க எதுவும் இல்லை. நான் சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? நேராக அவரிடம் போய், “இந்தச் செட்டு என்ன கிளியரா இருக்கு அண்ணே! கடற்கரை வரைக்கும் கேக்குது” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஆமா, கொள்ளாம். நல்ல செட்டாக்கும்” என்றார். செட்டு விஷயத்தில் இப்படி அடங்கிப் பேசுகிற ஆளா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதோடு மறந்தும் போனேன்.

திருவிழா முடிந்து ஒரு மாதத்தில் கீபோர்டு மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். மாஸ்டர் என்றால் வயதானவர் இல்லை, இருபத்தாறு வயதுப் பையன், ஆனால் பாட்டு விஷயத்தில் கறார். இனிமேல் திருப்பலியில் வரும் பதிலுரைப் பாடலை ஒவ்வொருவரும் முறை வைத்துத் தனியாகப் பாட வேண்டும். அடிகளை முறைக்காரர் தனியாகப் பாட, மக்கள் பல்லவியை மட்டும் திருப்பிப் பாடுவார்கள். தனியாகப் பாட முடியாதவர்கள் கிறிஸ்துமஸுக்குப் பிறகு குழுவில் இல்லை. என் முறை ஏழு வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. ஏழு வாரம் எதற்கு, நாளைக்கே பாடுகிறேன் என்ற திமிரில் வீட்டுக்கு வந்து என் பெரிய மகளிடம் பெருமையடித்தேன்.

அவளுக்குப் பதினொரு வயது. நோட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அம்மா, ஒனக்க சத்தம் மட்டும் பாக்ஸுல வராதே. எல்லாருக்க சத்தமும் கேக்கும். ஒனக்க வாய் மட்டும்தான் அசையும்.”

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே கோயிலுக்குப் போனேன். மைக்செட்டண்ணன் தனியாக இருந்தார், வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ஆறாம் நம்பர் மைக்கில் ஹலோ என்றேன், கேட்டது. ஏழாம் நம்பரில் ஹலோ என்றேன். ஒன்றுமில்லை.

“அண்ணே, எனக்க மைக்கு செத்துக் கெடக்கு. ஒங்க செட்டுல கோளாறா?”

“செட்டுல கோளாறு கெடையாது. நான்தான் அமத்தி வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“சுதி சேரல்ல.”

“என்னைக்கிலேருந்து?”

“தவக்காலத்துக்கு முன்னேருந்து.”

பத்து மாதம்! பத்து மாதமாக ஊர் முன்னால் நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி. “நீரு ஆரு வேய் எனக்க வாய அடைக்க?” என்று தொடங்கி, அவர் செட்டு, அவர் குழாய், அவர் மஞ்சள் துணி எதையும் விடவில்லை. கோயிலுக்குள் நிற்கிறோம் என்பதுகூட மறந்துவிட்டது. அவர் பெட்டியில் ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, கை கட்டி நின்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியதும், பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதக் காதுல வையி தங்கச்சி.”

முதலில் ஒரு பாட்டு வந்தது. ஒரு பெண் குரல் மட்டும், மெலிந்து, மூக்கில் ஏறி, எட்டாத கொடியில் துணி காயப்போட எக்கி நிற்பது மாதிரி. “ஆரு இது, பாவம்?” என்று கேட்டேன். “நீதான். போன வருச ரெக்கார்டு” என்றார். அடுத்து இன்னொரு குரல் வந்தது. தாழ்ந்து, உருண்டு, ஒவ்வொரு சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, கொஞ்சமும் நடுங்காமல். அதுவும் நான்தான். இப்போது போட்ட சண்டை.

“சண்ட போடும்போ மூச்சு முட்டல்ல, தொண்ட கமறல்ல, ஒரு சொல்லு வெலகல்ல. அது ஒனக்க சொந்தச் சத்தம். பாடும்போ மட்டும் ஆருக்க சத்தத்துலயோ ஏறி நிக்குத. அந்த நர்ஸ் பிள்ளைக்கு அது ஒடம்போட வந்தது. ஒனக்கு அது வாடகச் சட்டை மாதிரி, தோளுல பிடிக்குது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்பம் எதுக்கு இத்தன நாளும் எனக்கிட்ட சொல்லல்ல?” என்றேன். “நீ கேக்கல்லியே” என்றார். பிறகு என் முறை எந்த ஞாயிறு என்று கேட்டார். சொன்னேன். விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, “நேரம் உண்டு” என்றார்.

அவருக்குப் பாடத் தெரியாது. திருப்பலியில் எல்லாரும் பாடும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார். “நான் பாடினா எனக்க செட்டுக்கு வெக்கக்கேடு” என்பார். ராகம் தாளம் எதுவும் அவர் சொல்லித் தரவில்லை. முப்பது வருஷமாக ஊரார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கேட்டதைச் சொன்னார். அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் வயர் சுருட்டும் நேரத்தில் பத்து நிமிஷம், சில நாள் என் வீட்டுத் தெருவழியே போகும்போது ஜன்னலில் நின்று இரண்டு சொல்.

முதல் சொல்: “மாஸ்டருட்ட சொல்லி ரெண்டர கட்டை எறக்கிப் போடச் சொல்லு.” எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப்பட்டது. உயர்ந்த சுருதியில் பாடுவதுதான் பாட்டு, இறக்கினால் தோற்றுப்போனோம் என்று எங்கள் குழுவில் எல்லாருக்குமே ஒரு நினைப்பு. அவர் கேட்டார்: “நாப்பது சைஸுக்காரிக்கு முப்பத்தாறுல தச்சிக் குடுப்பியா?” தையற்காரியிடம் இதைக் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? மாஸ்டரிடம் கேட்டேன். அவர் ஒரு பட்டனை அமுக்கி இறக்கினார், அரை நொடி வேலை. அதற்குத்தான் இத்தனை மாதமாகத் தொண்டை எரிந்திருக்கிறது.

மூச்சு விஷயத்திலும் அப்படித்தான். நான் மூச்சு இழுக்கும்போது தோள் காதுவரை ஏறுகிறது என்றார். “அளவெடுக்கும்போ பெண்ணுங்க நெஞ்ச நிமித்தி மூச்சப் பிடிச்சிட்டு நிப்பாளுவ. நீ என்ன சொல்லுவ?”

“மூச்ச விட்டு லூசா நில்லுங்கன்னு சொல்லுவேன்.”

“அத ஒனக்குச் சொல்லு.”

அன்றைக்கு டேப்பை என் இடுப்பிலேயே சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். தோளைத் தூக்கி மூச்சு இழுத்தால் டேப் அசையவில்லை. தோளை மறந்து, வயிறு விரியும்படி இழுத்தால் இரண்டு அங்குலம் விரிந்தது. பிறகு அந்த இரண்டு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், பாட்டு வரி முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். துணி தைக்க வந்தவர்கள் நான் டேப்போடு நிற்பதைப் பார்த்து, எனக்கே பாவாடை தைக்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு உதவியது எல்லாவற்றிலும் மேலாக ஒன்று. கீபோர்டில் ஒரே ஒரு சுரத்தை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பதிவு செய்து என் போனில் போட்டுக் கொடுத்தார். அதை ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டு, தைத்துக்கொண்டே ‘ம்ம்ம்’ என்று சேர வேண்டும். “வாய்ப்பாட்டு வேண்டாம். சேர்ந்தா ரெண்டு சத்தமும் ஒண்ணாவும். சேரல்லன்னா உள்ளுக்குள்ள அலையடிக்கும். அலை நிக்குத வரைக்கும் கொஞ்சம் ஏத்தி எறக்கிப் பாரு. ஒனக்குத் தொண்டையில ஒரு கொறயுமில்ல. காதுக்குத்தான் வேல.”

முதல் வாரம் எனக்கு ஒரு அலையும் கேட்கவில்லை. இந்த மனிதர் என்னை ஏய்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை, பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, மூடிய வாய்க்குள் ஏதோ துடிப்பது மாதிரி இருந்தது. வொய்ங் வொய்ங் என்று. சத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். துடிப்பு மெதுவானது, இன்னும் மெதுவானது, நின்றது. என் சத்தம் எது, போன் சத்தம் எது என்று தெரியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதில் முதல்முறையாக நான் ஒரு சுரத்தில் நின்றேன்.

தினமும் பாடியதைப் பதிவு செய்து கேட்கச் சொன்னார். யாருக்கும் அனுப்பாதே என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமா நான்? கணவருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷப் பாட்டுக்கு நாலாவது நொடியில் ‘சூப்பர்’ என்று பதில் வந்தது. மைக்செட்டண்ணனிடம் சொன்னேன். “அவரு நல்ல மாப்பிள. பாட்டுக்கு ஆவ மாட்டாரு” என்றார். அக்கம்பக்கத்துக்காரிகள் வேறு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று எல்லாவற்றையும் ஒன்றாக மென்றதில் இரண்டு நாள் குரலே கம்மிப்போனது. “வெந்நி குடி. ஞாயித்துக்கெழம காலையில மட்டும் பிள்ளையள வெரட்டாத. சண்ட உண்டும்னா பூசைக்குப் பெறகு வச்சிக்கோ” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு வந்தது. வாசக மேடை ஏறினேன். கோயில் நிறைய ஆள். முதல் வரியில் குரல் நடுங்கியது, மறைக்க மாட்டேன். மக்கள் பல்லவியைத் திருப்பிப் பாடும்போது தோளை இறக்கினேன். இரண்டாம் அடியில் மூச்சு வயிற்றிலிருந்து வந்தது. மூன்றாம் அடியில் என் சத்தம் பாக்ஸ் வழியாகச் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்ததைக் கேட்டேன். தாழ்ந்த, உருண்ட, ஏலக்களத்துச் சத்தம். அம்மாவின் சத்தமும் அதில் கொஞ்சம் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் சுருதி விலகவில்லை.

திருப்பலி முடிந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். “அண்ணே?” என்றேன். நிமிராமலே, “கொள்ளாம்” என்றார். அவ்வளவுதான். ‘நன்றாயிருக்கிறது’ என்று சொல்லும் அந்த ஒரு சொல்லை வீடுவரை சொல்லிக்கொண்டே போனேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு குழுவிலிருந்து இரண்டு பேர் நின்றுபோனார்கள். நான் நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை, பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் அவருக்கு முழங்கால் கெட்டுப்போனது. செட்டைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, குலசேகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன அன்று நான் ஊரில் இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நன்றி என்று ஒரு சொல் அவரிடம் நான் சொன்னதே இல்லை. சண்டை போட எனக்குச் சொல் தட்டியதில்லை, இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

போன திருவிழாவுக்கான பயிற்சி முடிந்து ஒருநாள் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். கீபோர்டு மாஸ்டருக்கு இப்போது தலையில் பாதி முடியில்லை, இரண்டு பிள்ளைகள். பேச்சு மைக்செட்டண்ணனைப் பற்றி வந்தது. ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்தார்கள். மாஸ்டர் சொன்னார்:

“அந்த மனுசன் தனக்க செட்டுல கோளாறுன்னு ஒரே ஒரு தடவதான் ஒத்துக்கிட்டாரு, எனக்கிட்ட. நான் சேர்ந்த புதுசு. பெண்ணுங்க பக்கத்துலேருந்து ஒரு சத்தம் சுதி வெலகி வந்துட்டே இருக்கு. கூட்டத்துல ஆருன்னு பிடிகிட்டல்ல. அவருட்ட கேட்டேன், எந்த நம்பர் மைக்குன்னு சொல்லும், அந்த ஆள இந்த வாரமே நிறுத்திருகேன்னு. அவரு, ‘ஆளு இல்ல மாஸ்டரே, எனக்க பெட்டியில ஒரு லைனு கெட்டுக் கெடக்கு. சரியாக்கிருகேன்’ன்னாரு. அடுத்த வாரம் சரியாத்தான் இருந்தது. நான் வெளயாட்டாப் போயி கமிட்டியில சொல்லிட்டேன், நம்ம செட்டு பழசாயிட்டுன்னு. அந்த வருசம்தான் நாகர்கோவில் செட்டு வந்தது, ஓர்ம உண்டா அக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பஸ் ஏறி குலசேகரம் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே மகளின் வீடு. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து. முடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “பாட்டுக்காரி வந்தாச்சா!” என்றார். நான் உட்காரவில்லை.

“அண்ணே, ஒங்க செட்டுல கோளாறுன்னு மாஸ்டருட்ட சொன்னீங்களா?”

“ஆரு சொன்னா?”

“மாஸ்டருதான் சொன்னாரு. அது நாந்தானே? எனக்க பேரச் சொல்லிருக்கலாம்லா? ஒங்களுக்குத் திருநாளு போச்சே! பத்து நாளு ஓரத்துல போயி இருந்தீங்களே! நான் வேற வந்து, அந்தச் செட்டு என்ன கிளியரா இருக்குன்னு...” 

“பைய, பிள்ளே. மருமகன் விடியக் கருக்கல்ல ரப்பர் பால் வெட்டப் போயிட்டு வந்து ஒறங்குகான்” என்றார். பிறகு காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ஒனக்க பேரச் சொன்னா நீ போயிருப்ப. பெறகு பாட்டு இருக்குத பக்கமே திரும்பியிருக்க மாட்ட. செட்டப் பழி சொன்னா ஒரு திருநாளு போவும். திருநாளு அடுத்த வருசமும் வரும்லா?”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். “ரொம்ப நன்றி அண்ணே” என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் பதறிப்போய், மகளைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சாப்பிட்டுப் போ என்றார். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும். பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றி, முழங்காலைப் பற்றி, மழையைப் பற்றி. பஸ்ஸுக்கு நேரமாகி நான் எழுந்தபோதுதான் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தங்கச்சி, ஒரு காரியம். அந்தப் பெட்டியில நெசமாவே ஒரு கொறயும் கெடையாது, கேட்டியா? அத மட்டும் மாஸ்டருட்ட ஒண்ணு சொல்லிருவியா?”

பன்னிரண்டு வருஷமாக அது அவரை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உட்பட. மாஸ்டர் கீபோர்டில் கை வைக்கும் முன்னே நான் எழுந்து நின்றேன். அன்றைக்குச் சுருதி விலகிப் பாடிய ஆள் நான்தான், நம்ம ஊர் மைக்செட்டில் ஒரு நாளும் கோளாறு இருந்ததில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.